ரிலே டிக் என்கிறது, தண்ணீர் வரவில்லை: தானியங்கித் தோட்டப் பாசனத்தில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

தானாகத் தண்ணீர் பாய்ச்சும் அமைப்பில் கோளாறு என்றதும் பெரும்பாலோர் முதலில் ஆப்பைத்தான் திறக்கிறார்கள். அது கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம். ரிலேக்கு (மின்சாரத்தைத் திறந்து மூடும் மின் சுவிட்ச்) ஆணை போனது வரைதான் ஆப்புக்குத் தெரியும். வால்வு திறந்ததா, டிரிப்பரில் (சொட்டுநீர் முனையில்) சொட்டியதா, வேருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதெல்லாம் அதன் கண்ணுக்கு எட்டாத விஷயங்கள். அதனால் தண்ணீரில் தொடங்கி மின்சாரம், சிக்னல், நிரல் என்று இந்த வரிசையில் போங்கள். "ஸ்மார்ட்" கோளாறு என்று வருகிறவற்றில் நிறைய, வெறும் குழாய்க் கோளாறாகவே முடியும்.

இங்கே மனதில் வைத்திருப்பது வழக்கமான வீட்டு அமைப்பு: டேங்க் அல்லது குழாய் இணைப்பு, ஃபில்டர், 12 வோல்ட் சொலினாய்டு வால்வு (மின்காந்தச் சுருளால் திறக்கும் வால்வு) அல்லது சிறு பம்ப், டிரிப்பர்களைத் தாங்கும் 16 மி.மீ. லேட்டரல் குழாய், டிரிப்பர்கள், மண் ஈர சென்சார், இவற்றை இயக்க வைஃபை உள்ள சிறு கணினிப் பலகையான ஈ.எஸ்.பி.32 போர்டு அல்லது கடையில் வாங்கிய வைஃபை டைமர்.

கை வைக்கும் முன் மின் இணைப்பை எடுத்துவிடுங்கள். வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் மோட்டார் என்றால், அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சான ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதைப் போட்ட பிறகுதான் மற்ற வேலை.

ரிலே சத்தம் கேட்கிறது, தண்ணீர் வரவில்லை

கை வால்வு மூடியிருக்கிறதா, டேங்க் காலியா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை. அதை முடித்துவிட்டு மல்டிமீட்டரை எடுங்கள்.

ரிலே ஆன் ஆன நிலையில் வால்வின் இரு முனைகளிலும் மின்னழுத்தம் பாருங்கள். அளவை வால்வின் முனையிலேயே எடுக்க வேண்டும், அடாப்டர் பக்கம் அல்ல. மெல்லிய வயர் தூரத்தில் வோல்ட்டைத் தின்றுவிடும். 0.2 சதுர மி.மீ. வயரில் 20 மீட்டர் தள்ளி வால்வு இருந்தால், போய்வரும் நீளம் 40 மீட்டர், மின்தடை சுமார் 3.4 ஓம். 0.4 ஆம்பியர் இழுக்கும் வால்வுக்கு அங்கேயே 1.4 வோல்ட் போய்விடும். 12 வோல்ட் வால்வுக்கு 10.6 வோல்ட்தான் கிடைக்கும். சில வால்வுகள் திறக்கும், சில முனகிக்கொண்டு நிற்கும். 0.75 சதுர மி.மீ. வயருக்கு மாற்றினால் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் அடங்கும்.

வோல்ட் சரியாக வருகிறது, ஆனால் வால்வில் அசைவே இல்லை என்றால், மின்சாரத்தை நிறுத்தி ஒரு வயரைக் கழற்றிவிட்டு காயிலின் (வால்வுக்குள் உள்ள கம்பிச் சுருளின்) ஓம் பாருங்கள். 5 வாட் அளவிலான 12 வோல்ட் காயில் 30 ஓம் சுற்றிக் காட்டும். 24 வோல்ட் ஏ.சி. பாசன வால்வுகளில் 20 முதல் 60 ஓம் வரை இயல்பு. மீட்டர் எல்லையற்றது என்று காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் உள்ளே ஷார்ட். இரண்டுக்கும் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

எல்லாம் சரி, காயிலும் டக் என்று இழுக்கிறது, ஆனாலும் தண்ணீர் வரவில்லை என்றால் நீரழுத்தத்தைச் சந்தேகியுங்கள். டேங்கில் இருந்து தானாக இறங்கும் தண்ணீரை நம்பி அமைப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. மலிவான அரை அங்குல பிளாஸ்டிக் வால்வுகள் பெரும்பாலும் பைலட் வகை. காயில் திறப்பது ஒரு சின்னத் துளையை மட்டும். பெரிய ரப்பர் டயஃப்ரத்தைத் தூக்குவது தண்ணீரின் சொந்த அழுத்தம். வால்வின் மேலேயோ விவரத்தாளிலோ 0.02 முதல் 0.8 மெகா பாஸ்கல் என்று போட்டிருப்பார்கள். 0.02 என்றால் 0.2 பார், அதாவது 2 மீட்டர் நீர் உயரம். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் என்ற கணக்கில், வால்வுக்கு ஒரு மீட்டர் மேலே வைத்த டேங்க் தருவது 0.1 பார்தான். அந்த வால்வு ஒருநாளும் ஒழுங்காகத் திறக்காது. திறந்தாலும் ஒழுங்காக மூடாது. இதற்கு மோட்டார் பால் வால்வு போடுங்கள். திறந்து மூடச் சில வினாடி பிடிக்கும், ஆனால் அழுத்தம் எதுவும் கேட்காது. வாங்கும்போது மின்சாரம் போனால் தானே மூடிக்கொள்ளும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

வால்வில் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். தலைகீழாக மாட்டிய பைலட் வால்வு மூடிய நிலையிலும் ஒழுகும்.

தண்ணீர் நிற்கவே மாட்டேன் என்கிறது

எல்லாக் கோளாறுகளிலும் இதுதான் ஆபத்தானது. ஒரு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் அநேகச் செடிகள் தாங்கும். இரவு முழுக்க ஓடிய குழாய் டேங்கைக் காலியாக்கி, பம்பை வறட்டு ஓட்டத்தில் எரித்து, கீழ்த்தளத்துக்கும் கசியும். கை வால்வை உடனே மூடிவிட்டு நிதானமாகக் காரணம் தேடுங்கள்.

முதல் சோதனை: வால்வின் வயரைக் கழற்றுங்கள். தண்ணீர் நின்றுவிட்டால் குற்றவாளி மின்சாரப் பக்கம். நிற்காவிட்டால் வால்வோ குழாயோ.

வால்வுதான் என்றால், மேல் மூடியின் திருகுகளைக் கழற்றி டயஃப்ரத்தைத் தூக்கிப் பாருங்கள். ஒரு மணல் துணுக்கு, குழாய் வெட்டும்போது விழுந்த பிளாஸ்டிக் சீவல், ஒரு பாசித் துண்டு, இதில் ஏதோ ஒன்று இருக்கையில் உட்கார்ந்திருக்கும். டயஃப்ரத்தின் ஓரத்தில் உள்ள ஊசித்துளையையும் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்தால் மேலறையில் அழுத்தம் சேராது, வால்வு மூடாது. கழுவி மாட்டிய பிறகு வால்வுக்கு முன்னால் 120 மெஷ் ஃபில்டர் போடாவிட்டால் இதே வேலை திரும்பவும் வரும்.

பம்பு அமைப்பில் பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் ஓடினால் அது சைஃபன். பக்கெட்டிலோ டிரம்மிலோ உள்ள தண்ணீர் மட்டத்தைவிடத் தொட்டிகள் கீழே இருக்கின்றன. ஒருமுறை குழாய் நிறைந்ததும் பம்பின் தயவில்லாமலே தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். நிரலில் எவ்வளவு தேடினாலும் பிழை கிடைக்காது, ஏனென்றால் நிரலில் பிழையே இல்லை. டேங்குக்கு உள்ளே, தண்ணீர் முழுதாக நிறையும் மட்டத்துக்கு மேலே உள்ள குழாய்ப் பகுதியில் 1.5 முதல் 2 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். பம்ப் ஓடும்போது அதில் கொஞ்சம் பீய்ச்சி டேங்குக்குள்ளேயே விழும். நின்றதும் அதன் வழியாகக் காற்று நுழைந்து ஓட்டத்தை அறுத்துவிடும். இதற்காகத் திருப்பித் தடுக்கும் வால்வு வாங்கிப் பயனில்லை. சைஃபன் ஓடுவது அந்த வால்வு அனுமதிக்கும் அதே திசையில்தான்.

மின்சாரப் பக்கம் என்றால் நான்கு சந்தேக நபர்கள்.

ஒன்று, ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். நீல நிறச் சிறு ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பது ஹீட்டர் போன்ற சுமைக்கு. மோட்டார் தொடங்கும்போது ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அரை எச்.பி. மோட்டாரையெல்லாம் அதில் நேரடியாக ஓட்டாதீர்கள். ரிலே ஒரு கான்டாக்டரை (மோட்டார் சுமை தாங்கும் பெரிய ரிலே) இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும்.

இரண்டு, 5 வோல்ட் ரிலே போர்டும் 3.3 வோல்ட் ஈ.எஸ்.பி.யும் ஒத்துப்போகாமை. பெரும்பாலான ரிலே போர்டுகள், அவற்றை இயக்கும் ஈ.எஸ்.பி. பின்னில் (இணைப்புக் காலில்) வோல்ட் தாழ்ந்தால் ஆன் ஆகும். பின்னை உயர்த்தினாலும் 5 வோல்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையில் 1.7 வோல்ட் மிச்சம் இருக்கும். சில போர்டுகளில் ரிலே விடாமல் பிடித்துக்கொள்ள அதுவே போதும். போர்டில் ஜே.டி.-வி.சி.சி. ஜம்பர் (இரு முனைகளை இணைக்கும் சிறு மூடி) இருந்தால் அதைக் கழற்றி, வி.சி.சி.க்கு 3.3 வோல்ட், ஜே.டி.-வி.சி.சி.க்கு 5 வோல்ட் கொடுங்கள்.

மூன்று, மின்சாரம் போய் வந்ததும் தானே ஆன் ஆவது. ஸ்மார்ட் பிளக்குகளில் மின்சாரம் திரும்பியதும் என்ன செய்வது என்று ஓர் அமைப்பு இருக்கும். "முந்தைய நிலை" என்று விட்டால், ஓடும்போது மின்சாரம் போய் வந்ததும் திரும்ப ஓடும். டைமர் கணக்கு மட்டும் மறந்திருக்கும். அதை "ஆஃப்" ஆக்குங்கள். இத்தகைய கருவிகளில் ஏற்றும் இலவச மென்பொருள்களில், டாஸ்மோட்டாவில் பவர்ஆன்ஸ்டேட் 0. ஈ.எஸ்.பி.ஹோமில் ரிஸ்டோர் மோடு எப்போதும் ஆஃப். ரிலேயைப் பொருத்திய பின் எது என்பதும் முக்கியம். ஈ.எஸ்.பி.32-இல் 0, 2, 5, 12, 15 ஆகிய பின்கள் தொடக்க வேலைக்கென்று ஒதுக்கியவை. அவற்றில் ரிலேயை மாட்டினால் ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் ஒரு துள்ளல் துள்ளலாம், 12-ஐ உயர்த்திப் பிடித்தால் போர்டு தொடங்காமலே போகலாம். 18, 19, 23, 25, 26, 27 என்று போங்கள்.

நான்கு, பேட்டரி டைமர். அதில் பெரும்பாலும் இருப்பது லாட்சிங் வால்வு. ஒரு துடிப்பில் திறக்கும், எதிர்த் துருவத் துடிப்பில் மூடும், இடையில் மின்சாரமே தேவையில்லை. பேட்டரி சோர்ந்த நிலையில் திறக்கும் துடிப்பு வேலை செய்து மூடும் துடிப்பு வேலை செய்யாமல் போவது இந்த வகையின் சாபக்கேடு. 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல்களைப் போட்டால் தொடக்கத்திலேயே குறைந்த வோல்ட். கையேட்டில் அல்கலைன் என்று சொல்லியிருந்தால் அதையே போடுங்கள்.

காரணம் எதுவானாலும், ஒருமுறைக்கு அதிகபட்சம் இத்தனை நிமிடம் என்ற வரம்பு ரிலே இருக்கும் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆப்பிலோ சர்வரிலோ வைத்தால், "ஆன்" போய்ச் சேர்ந்து வைஃபை அறுந்த பிறகு "ஆஃப்" வராது. டாஸ்மோட்டாவில் பல்ஸ்டைம் 400 என்று கொடுத்தால் 300 வினாடியில் தானே நிற்கும். 112-க்கு மேற்பட்ட எண்களில் 100-ஐக் கழித்தால் வருவதுதான் வினாடி. டேங்கில் தண்ணீர் குறைந்தால் பம்பின் மின்சுற்றை நேராகத் துண்டிக்கும் மிதவை சுவிட்ச் ஒன்றும் போட்டுவிடுங்கள். அதை நிரல் வழியாகப் படிக்க வைக்காதீர்கள்.

சென்சார் எண் நம்பும்படி இல்லை

எப்போதும் 4095 அல்லது 0 (அளவின் இரு கடைசி எல்லைகள்) என்று உறைந்து நின்றால், எந்த பின்னில் மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஈ.எஸ்.பி.32-இல் 0, 2, 4, 12 முதல் 15, 25 முதல் 27 வரையிலான பின்கள் இரண்டாம் ஏ.டி.சி.யை (வோல்ட்டை எண்ணாக மாற்றும் பகுதி) சேர்ந்தவை. வைஃபை ஓடும்போது அவற்றில் அனலாக் அளவு எடுக்க முடியாது. மேசையில் வைஃபை இல்லாமல் சோதித்தபோது ஒழுங்காக வந்து, தோட்டத்தில் வைத்ததும் கெட்டுப்போனதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான். 32 முதல் 39 வரையிலான பின்களுக்கு மாற்றுங்கள்.

கருப்புத் தகடு போன்ற கெபாசிட்டிவ் சென்சார்களில் போலிகளும் அரைகுறைத் தயாரிப்புகளும் மலிந்து கிடக்கின்றன. அதிலுள்ள எட்டுக்கால் சில்லின் மேல் டி.எல்.சி.555 என்றிருந்தால் 3.3 வோல்ட்டில் ஓடும். என்.ஈ.555 என்றிருந்தால் 4.5 வோல்ட்டுக்குக் கீழே அதை நம்ப முடியாது. தண்ணீரில் வைத்தும் எண் ஆமை வேகத்தில் நகர்ந்தால், வெளியீட்டு முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் பாருங்கள். 1 மெகா ஓம் சுற்றிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் போர்டில் அந்த ரெசிஸ்டர் கிரவுண்டோடு சேரவில்லை. வெளியே ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்தால் சரியாகிவிடும்.

வாரக்கணக்கில் எண் மெல்ல மெல்ல ஈரத்தின் பக்கம் சாய்ந்துகொண்டே போனால், தகட்டின் வெட்டிய ஓரங்கள் தண்ணீர் குடிக்கின்றன. முகப்பில் பூச்சு இருக்கும், ஓரத்தில் இருக்காது. நன்றாகக் காயவைத்து, நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு ஓரம் முழுக்கக் கொடுங்கள். மேலே பாகங்கள் உள்ள பகுதிக்கு எபாக்ஸி அல்லது பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் குழாய். இரண்டு முள் கொண்ட மின்தடை வகை சென்சார் என்றால் திருத்தப் பார்க்காதீர்கள். மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் முள் அரித்துப்போகும். உரம் கலந்த அன்று உப்பைப் பார்த்து ஈரம் என்று சொல்லும்.

எண் நியாயமாக ஏறி இறங்குகிறது, ஆனால் முடிவுகள் தப்பாகப் போகின்றன என்றால் அளவு திருத்தம்தான் பிரச்சினை. காற்றில் 0, தண்ணீரில் 100 என்று வைப்பது சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மட்டும் உதவும். உங்கள் கலவையிலேயே அளவெடுங்கள். தொட்டியை நன்றாக நனைத்து, அடித்துளையில் வடிவது நின்றபின் இரண்டு மணி நேரம் விட்டு வரும் எண்ணை மேல் எல்லையாகவும், தொட்டி இலேசாகி இலை முதன்முதலில் துவளும் நாளின் எண்ணைக் கீழ் எல்லையாகவும் எடுங்கள். கோகோபீட் கலவைக்கு எடுத்த எண் செம்மண் கலவைக்கு உதவாது.

சென்சாரை டிரிப்பரில் இருந்து 8 முதல் 10 செ.மீ. தள்ளி, வேர் இருக்கும் ஆழத்தில், மண்ணை அழுத்தி இடைவெளி இல்லாமல் செருகுங்கள். டிரிப்பருக்கு நேர் கீழே வைத்தால் ஒரு நிமிடத்திலேயே "போதும்" என்று சொல்லிவிடும். தள்ளி வைத்தால் தண்ணீர் பரவ நேரமாகும். அதற்குள் வால்வு ஓடிக்கொண்டே இருக்கக் கூடாது. 2 நிமிடம் ஓட்டி, 10 நிமிடம் பொறுத்து, மறுபடி அளந்து முடிவெடுக்கும்படி நிரலை அமையுங்கள். 30 சதவீதத்துக்குக் கீழே தொடங்கி 45 சதவீதத்தில் நிறுத்துவது போல இரண்டு எல்லைகள் வேண்டும். ஒரே எல்லை வைத்தால் ரிலே தட்டச்சு இயந்திரம் போல அடித்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, கண்ணில் படாமல் தப்பிப்பது: ஆப்பில் மூன்று நாளாக ஒரே எண். பேட்டரி தீர்ந்த சென்சாரின் கடைசி அளவை ஆப் பத்திரமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது, தானியங்கியும் அதை நம்பித் தண்ணீர் விடாமல் இருக்கிறது. கடைசி அளவு வந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டால் அதைத் தள்ளிவிட்டு, நேர அட்டவணைப்படி குறைந்த அளவு தண்ணீர் விடும்படி விதி எழுதுங்கள்.

வால்வு இயங்கும் நொடியில் போர்டு மறுதொடக்கம் ஆகிறது

போர்டின் பதிவேட்டில் (லாகில்) "பிரவுன்அவுட் டிடெக்டர்" என்ற வரி வந்தால் அடாப்டருக்கு வலு போதவில்லை. பம்ப் தொடங்கும் கணத்தில் வோல்ட் சரிகிறது. போர்டுக்கும் பம்புக்கும் தனித்தனி சப்ளை கொடுங்கள். போர்டின் சப்ளையில் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள். ரிலேக்குப் பதிலாக மாஸ்ஃபெட் (டிரான்சிஸ்டர் வகை சுவிட்ச்) வழியாக இயக்கினால் கிரவுண்டுகளை இணைக்க மறக்காதீர்கள்.

ஆன் ஆகும்போது சும்மா இருந்து ஆஃப் ஆகும்போது விழுந்தால், காயில் உதைக்கும் எதிர் மின்னழுத்தம் காரணம். டி.சி. காயிலின் குறுக்கே, வால்வுக்குப் பக்கத்திலேயே, 1என்4007 டயோடு ஒன்றைப் போடுங்கள். வெள்ளிக் கோடு பாசிட்டிவ் பக்கம். 24 வோல்ட் ஏ.சி. வால்வுக்கு டயோடு போட்டால் ஷார்ட் ஆகிவிடும். அதற்கு 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் ஸ்னப்பர் (தொடராக இணைத்த ரெசிஸ்டரும் கெபாசிட்டரும்).

ஆஃப்லைன் காட்டுகிறது, அல்லது கண்ட நேரத்தில் ஓடுகிறது

இந்தக் கருவிகளில் மிகப் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் பேசும். இணைக்கும்போது மட்டும் ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸை நிறுத்தி வைத்தால் போதும். சிக்னல் அளவு (டி.பி.எம். என்ற அலகில்) -70-க்கு மேலே இருந்தால் நிம்மதி, -80-ஐத் தாண்டிக் கீழே போனால் அடிக்கடி அறுபடும். உலோகப் பெட்டியும் நிறைந்த டேங்கும் சிக்னலை விழுங்கும். போர்டின் ஆன்டெனா முனை அவற்றை விட்டு விலகி இருக்கட்டும்.

பல மணி நேரம் முன்னே பின்னே ஓடினால் நேர மண்டலம் அமைக்கவில்லை. மின்சாரம் வந்து இணையம் வராத நாளில் ஓடவே இல்லை என்றால், போர்டின் கடிகாரம் 1970 ஜனவரி 1-இல் நிற்கிறது. டி.எஸ்.3231 கடிகார மாட்யூல் ஒன்றைச் சேர்த்தால் தீர்ந்தது.

"மழை, தவிர்க்கப்பட்டது" என்று ஆப் சொல்லிக்கொண்டே இருக்க, செடி வாடுகிறதா? கூரைக்கும் சன்ஷேடுக்கும் கீழே உள்ள தொட்டிகளுக்கு அந்த மழை சொந்தமில்லை. அவற்றைத் தனி வால்வில் பிரித்து, மழைத் தவிர்ப்பை அந்தப் பகுதிக்கு மட்டும் நிறுத்துங்கள்.

சில தொட்டி சதசத, சில தொட்டி வறண்டு

ஒவ்வொரு டிரிப்பருக்கும் கீழே ஒரு டம்ளர் வைத்து 5 நிமிடம் ஓட்டுங்கள். மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் 333 மி.லி. தர வேண்டும், 2 லிட்டர் டிரிப்பர் 167. எல்லாமே குறைவு என்றால் அழுத்தம் போதவில்லை. சாதா டிரிப்பரின் அளவு 1 பாருக்குச் சொல்வது. அழுத்தம் கால் பங்கானால் ஓட்டம் பாதியாகும். ஒரு மீட்டர் உயர டேங்கில் 4 லிட்டர் டிரிப்பர் சுமார் 1.25 லிட்டர்தான் தரும். ஓடும் நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது டேங்கை உயர்த்துங்கள். அழுத்தத்தைச் சமன் செய்யும் வகை டிரிப்பர் அந்த உயரத்தில் ஒழுங்காகவே வேலை செய்யாது.

ஒன்றிரண்டு மட்டும் குறைவு என்றால் அடைப்பு. வெள்ளைப் படிவு உப்பு. சிட்ரிக் அமிலக் கரைசலில் இரவு முழுக்க ஊறவையுங்கள். பச்சை வழவழப்பு பாசி. ஒளி ஊடுருவும் குழாயைக் கருப்புக் குழாயாக மாற்றாமல் அது போகாது. லேட்டரலின் எண்ட் கேப்பை மாதம் ஒருமுறை கழற்றித் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள். உரம் விட்ட பிறகு கடைசி 10 நிமிடம் வெறும் தண்ணீர்.

டம்ளரில் அளவு சரி, தொட்டி மட்டும் வறண்டு கிடக்கிறது என்றால் விரலால் தோண்டிப் பாருங்கள். ஒருமுறை முற்றாகக் காய்ந்த கோகோபீட் தண்ணீரை ஏற்காது. ஓரமாக வழிந்து அடித்துளையில் ஓடிவிடும். தொட்டியை அரை மணி நேரம் தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தில் வைத்துக் கீழிருந்து உறிஞ்சவிட்டு, பிறகு சிறு சிறு தவணைகளாகப் பாய்ச்சுங்கள்.

எல்லாம் ஓடுகிறது, செடி மட்டும் துவள்கிறது

மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் தண்ணீரை நிறுத்துங்கள். வேர் மூச்சுத் திணறுகிறது அல்லது அழுகுகிறது. கீழ் இலைகள் மஞ்சளாவதும் மண்ணைச் சுற்றிச் சின்னஞ்சிறு கருப்பு ஈக்கள் பறப்பதும் அதற்குத் துணைச் சாட்சி. அடித்துளை அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள், ஓடும் நேரத்தைப் பாதியாக்குங்கள், சென்சாரின் கீழ் எல்லையை மறுபடி எடுங்கள்.

நடுப்பகலில் துவண்டு சாயங்காலம் நிமிர்ந்துகொண்டால் அது வெயில். தாகம் என்று எண்ணி மதியம் ஒரு தவணை சேர்க்காதீர்கள். விடியற்காலையிலும் துவண்டே இருந்தால் மட்டும் தண்ணீர் போதவில்லை. சென்சார் அளவை வைத்து முடிவெடுப்பதையும் அந்த நேரத்துக்கே வையுங்கள். வெயிலில் சூடேறிய தகடு தரும் எண் பகல் முழுக்க அலைபாயும், விடியலில்தான் நிலைத்து நிற்கும்.